ஷிப்ட் மாறி மாறி வருகிறது, வீட்டு ஜெபம் நின்றுபோனது. நீங்கள் தினமும் எப்படி ஆராதிக்கிறீர்கள்?

இரவுப்பணி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம் ஒரு கிராமம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணி என்றால் ஜெபம். விருந்தாளி வந்திருந்தாலும் சரி, அடுப்பில் குழம்பு கொதித்தாலும் சரி, அப்பா பாயை விரித்துவிடுவார்கள். ஒரு கீர்த்தனை, வேதத்தில் ஒரு அதிகாரம், அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம். ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை நாளுக்கு ஓர் அதிகாரம். மொத்தம் 1189 அதிகாரம், ஒரு சுற்று முடிய மூன்றேகால் வருஷம். நாளாகமத்தில் வெறும் பேராக வரும் அதிகாரங்களைத் தாண்டிப் போகலாமா என்று தம்பி கெஞ்சுவான். அப்பா ஒன்றைக்கூடத் தாண்ட விட்டதில்லை.

அப்பா இறந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு டே டியூட்டி ஒரு வாரம், நைட் ஒரு வாரம். நைட் டியூட்டி ராத்திரி எட்டுக்குத் தொடங்கும். வீட்டில் பாய் விரித்த அதே நேரத்துக்கு நான் ஹேண்ட்ஓவர் வாங்கிக்கொண்டிருப்பேன். காலையில் ரூமுக்கு வந்தால் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கே மாசத்தில் இரண்டு தடவை போனால் பெரிது.

இதை ஒருவரிடம் சொன்னபோது, "நீ நோயாளிகளைப் பார்ப்பதே ஆராதனைதான், தனியாக எதற்கு?" என்றார். இரண்டு நாள் ஆறுதலாக இருந்தது. மூன்றாம் நாள் எனக்கே தெரிந்துவிட்டது, ஜெபிக்காமல் இருப்பதற்கு அந்த வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொள்கிறேன் என்று.

இப்போது என்னிடம் மிச்சம் இருப்பது பரமண்டல ஜெபம் மட்டும். படுக்கும்போது வாய் சொல்கிறது, மனசு வெறுமையாகக் கிடக்கிறது. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். நேரமே நிலையில்லாத வேலையில் இருப்பவர்கள் தினசரி ஆராதனையை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்? மனசு வராமல் வாய் மட்டும் சொல்வது ஆராதனையா?

அஞ்சு வயசு அப்பா

அக்கா, எனக்கு ஷிப்ட் இல்லை, ஆனால் ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் அப்பா செய்ததுபோல அரை மணி நேரம் உட்கார வைக்கப் பார்த்தேன். தினமும் அழுகையில் முடிந்தது. பிள்ளைகளுக்கு ஜெபம் என்றாலே பயம் வந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது.

இப்போது ஏழு நிமிஷம். பெரியவள் ஒரு பாட்டு எடுப்பாள், எப்போதும் அதே பாட்டுதான். நான் நாலு வசனம் வாசிப்பேன். அன்றைக்கு எதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஆளுக்கொன்று சொல்வோம். நேற்று அவள் சொன்னது: "பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்கு." வீட்டைவிட்டுப் பயணம் கிளம்பினால் மட்டும் வேதத்தின் சங்கீதப் புத்தகத்திலிருந்து 121ஆம் சங்கீதம் முழுதாக. அது எங்கள் அம்மா வீட்டு வழக்கம். பஸ் வந்துவிட்டாலும் வாசலில் நின்று சொல்லி முடித்துவிட்டுத்தான் ஏறுவோம்.

பனங்காட்டு சார்

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். வயது 74. உன் முதல் கேள்விக்கு எங்கள் ஊர்க் கதையிலிருந்து பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கோயிலில் தினமும் இரண்டு வேளை மணி அடிக்கும். ஞாயிறு மட்டுமல்ல, தினமும். விடியுமுன் ஒரு மணி, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு மணி. ஐயர்வாள், அதாவது சபைக் குருவானவர், பல ஊர்களுக்குப் பொதுவானவர், மாசத்துக்கு ஒருமுறை வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது சபை ஊழியரான உபதேசியார்தான். பனையேறிகள் இருட்டோடு மரம் ஏறப் போவார்கள். அவர்களுக்காகவே காலை மணி அத்தனை சீக்கிரம் அடித்தது. திண்ணையில் அருவாளையும் கலயத்தையும் வைத்துவிட்டு, உள்ளே வந்து முழங்கால்படியிட்டு, பாவ அறிக்கை, ஒரு சங்கீதம், ஒரு பாடம், கர்த்தருடைய ஜெபம் என்று முடித்து மரத்துக்குப் போவார்கள். பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அத்தனையும் மனப்பாடம்.

அந்தக் காலை ஜெபமும் மாலை ஜெபமும் எங்கிருந்து வந்தன என்று பிற்காலத்தில்தான் படித்தேன். மடங்களில் துறவிகள் இரவும் பகலுமாகப் பல வேளை கூடி ஜெபித்தார்கள். பெனடிக்ட் என்ற துறவி தம் மடத்துக்கு எழுதிய ஒழுங்கு 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன்படி 150 சங்கீதமும் ஒரே வாரத்தில் பாடி முடிய வேண்டும். உழுகிறவனுக்கும் வியாபாரிக்கும் அது எப்படி முடியும்? 1549இல் இங்கிலாந்தில் பேராயர் கிரான்மர் ஜெபப் புத்தகத்தை உண்டாக்கினபோது அத்தனை வேளைகளையும் இரண்டாகச் சுருக்கினார், காலை ஒன்று, மாலை ஒன்று. சங்கீதங்களையும் 30 நாளுக்குப் பங்கிட்டார். முதல் நாள் காலை 1 முதல் 5 வரை. 30ஆம் நாள் மாலை 147 முதல் 150 வரை. மிஷனெரிகள் அதைத் தமிழாக்கி நம் பனங்காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மடத்துக்குள் இருந்த ஜெபம் பனையேறியின் வாய்க்கு வந்தது இப்படித்தான். எனக்கு அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு நிறைகிறது.

ஆகவே வேளை என்பது சட்டமல்ல மகளே. பனையேறிக்கு ஏற்றபடி மணியை நகர்த்திய ஊர் நம் ஊர். உன் டியூட்டிக்கு ஏற்றபடி நீயும் நகர்த்தலாம். ஆனால் நகர்த்திய இடத்தில் முளையடித்துக் கட்டிவிடு. நேரம் கிடைக்கும்போது என்று விட்டால் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று. பெனடிக்ட் ஒழுங்கில் படுக்கைக்கு முந்தின ஜெபத்துக்கு மூன்று சங்கீதங்கள்: 4, 91, 134. மற்ற வேளைகளில் சங்கீதம் மாறும், இந்த மூன்றும் மாறாது, வருஷம் முழுக்க அதேதான். 134ஐ எடுத்துப் பார். மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்" ஊழியக்காரரைப் பார்த்துச் சொல்லப்பட்டது. எல்லாரும் படுத்தபின் தேவாலயத்தில் விழித்து நின்று பணி செய்தவர்கள் அவர்கள். நைட் டியூட்டிக்காரி உனக்கென்றே எழுதினதுபோல இருக்கும்.

எங்கள் அம்மாவுக்கு இன்னோர் ஆராதனை இருந்தது, அதுவும் தினசரி. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. வீட்டில் அரைவயிறு கஞ்சி என்றாலும் அந்தப் பிடி குறையாது. சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போகும். உபதேசியார் சம்பளத்தில் பாதி அந்த அரிசிதான். மிசோரம் சபைகளிலும் இதே வழக்கம் உண்டு, இன்றும் நடக்கிறது.

இட்லிக்கடை அக்கா

சிஸ்டர், பிரைஸ் த லார்ட். நான் பெந்தெகொஸ்தே சபை. சின்னதா ஒரு இட்லிக்கடை வச்சிருக்கேன். எனக்கு இந்த வரலாறெல்லாம் தெரியாது, சார் சொன்னது கேட்க நல்லா இருந்துச்சு. ஆனா ஒரு விஷயத்துல நான் ஒத்துக்க மாட்டேன்.

மனப்பாட ஜெபம் எனக்கு ஆகாது. அஞ்ஞானிகளைப்போல வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்னு ஆண்டவரே மத்தேயு ஆறுல சொல்லியிருக்கார். நானும் உங்க சபையிலதான் வளர்ந்தேன். சின்ன வயசுல எழுதி வச்ச ஜெபத்தைப் புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் என்ன சொன்னோம்னே தெரியாம எந்திரிச்சு வருவேன். ரட்சிக்கப்பட்ட பிறகுதான் எங்கப்பாகிட்ட பேசுறாப்ல பேசலாம்னு தெரிஞ்சது.

எனக்கு நாலு மணிக்கு எந்திரிக்கணும். நாலு டு நாலரை அடுப்பைத் தொட மாட்டேன். பின்கதவைச் சாத்திக்கிட்டு உக்காருவேன். ஒரு நோட்டு வச்சிருக்கேன், அதுல பேரு இருக்கும். கடைக்கு வர்றவங்க பேருதான் பாதி. ஆட்டோ ஓட்டுற அண்ணன் மகளுக்கு ஆபரேஷன், எதிர்வீட்டு அம்மாவுக்கு மகன் பேசுறதில்ல, இப்படி. ஒவ்வொரு பேரா சொல்லி அழுது கேட்பேன். ஆவியானவர் அந்நிய பாஷை கொடுத்தா அந்தப் பாஷையில பேசுவேன், கொடுக்கலைன்னா தமிழ்ல. நாலரைக்கு எந்திரிச்சு முதல் ஈடு இட்லி ஊத்துவேன். அதுக்கப்புறம் பத்து மணி வரைக்கும் மூச்சு விட நேரமிருக்காது. ஆனா அந்த நோட்டுல இருக்கிற ஆளு வந்து "நாலு இட்லி"ன்னு நிக்கும்போது அவங்க முகத்தைப் பார்க்கிற பார்வையே வேற மாதிரி இருக்கும் சிஸ்டர்.

உங்க வேலையே ஆராதனைன்னு ஒருத்தர் சொன்னாங்களே, அது பாதிதான் சரி. நான் இட்லி ஊத்துறதும் கர்த்தருக்குன்னுதான். ஆனா நாலு மணி இல்லைன்னா பத்து மணிக்கு எனக்கு வாயில ஏச்சுதான் வரும். எனக்குத் தெரியும்.

முத்துக்கரை

நான் கத்தோலிக்கன், தூத்துக்குடி கடற்கரைக் குடும்பம். அக்காவோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளக் கூடாது.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வீண்வார்த்தை வேண்டாம் என்று ஏழாம் வசனத்தில் சொன்ன ஆண்டவர், ஒன்பதாம் வசனத்திலேயே "நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது" என்று வார்த்தைகளைக் கையில் எடுத்துக் கொடுக்கிறார். ஆதிச் சபைக்காரர்கள் அதை நாளுக்கு மூன்று தடவை சொன்னார்கள் என்று திதாக்கே என்ற பழைய நூலில் இருக்கிறது. அவர்களுக்கும் மனப்பாடம்தானே.

எங்கள் கரையின் கதை தெரிந்தால் மனப்பாடத்தை நீங்கள் வேறு கண்ணால் பார்ப்பீர்கள். எங்கள் முன்னோர் 1530களில் கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதற்கப்புறம் அவர்களுக்கு எதையும் கற்றுக்கொடுக்க ஆளில்லை. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் என்ற மிஷனெரி வந்தபோது, நாங்கள் கிறிஸ்தவர்கள் என்று சொல்வதைத் தவிர அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சவேரியாருக்கோ தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் கொஞ்சம் தெரிந்தவர்களை உட்கார வைத்து, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த ஜெபம், மாதா ஜெபம் எல்லாவற்றையும் தமிழில் எழுதி வாங்கி, தானே மனப்பாடம் செய்தார். அப்புறம் கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் கற்றுக்கொண்டுபோய் வீட்டில் அப்பா அம்மாவுக்கும் வேலைக்காரர்களுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்த தம்பிரான் வணக்கம். அதுவும் ஜெபத்தையும் வேதபாடத்தையும் சொல்லிக்கொடுக்க எழுந்ததுதான். நம் மொழிக்கு அச்சு வந்ததே வீட்டில் சொல்ல வேண்டிய மனப்பாடத்துக்காக என்று சொன்னால் தப்பில்லை.

என் அப்பா கடல் தொழில். வலை போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் ஜெபமாலை சொல்வார். ஐம்பத்துமூன்று மணி, இருபது நிமிஷம். ஒரு தடவை நடுக்கடலில் இஞ்சின் நின்று இரண்டு ராத்திரி மிதந்தார்கள். "என்ன ஜெபித்தீர்கள்?" என்று கேட்டேன். "சொந்தமாக ஒரு வார்த்தை வரவில்லை. அருள்நிறை மரியே மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. நான் சொல்லவில்லை, அது என்னைச் சொல்லிக்கொண்டிருந்தது" என்றார்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில் இதுதான். மனசு வெறுமையாக இருக்கும்போது வாய் சொல்கிறதே, அதற்காகத்தான் சின்ன வயதிலேயே வாயில் போட்டு வைத்தார்கள். வெறுங்கையோடு நிற்கும் நாளில் எடுத்துத் தின்ன.

இட்லிக்கடை அக்கா

தம்பி, உங்கப்பா சொன்னது எனக்குக் கண்ணுல தண்ணி வர வச்சிருச்சு. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா நடுக்கடல்ல வர்ற வார்த்தை வேற, டிவியில சீரியல் ஆரம்பிக்குமுன்ன முடிச்சிரணும்னு ஓட்டுற வார்த்தை வேற. ரெண்டும் ஒரே வார்த்தையா இருக்கிறதுதான் ஆபத்துன்னு சொல்றேன்.

முத்துக்கரை

அது உண்மைதான் அக்கா. எங்கள் வீட்டிலும் அந்த ஓட்டம் உண்டு.

கல்லறைச்சுவர்

மூன்று நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பனங்காட்டு சார் பிடியரிசியைப் பற்றி எழுதியதைப் பார்த்தபின் சும்மா இருக்க முடியவில்லை.

என் பாட்டியும் பிடியரிசி கொடுத்தவள். களையெடுக்கப் போய்க் கிடைத்த கூலி நெல்லைக் குத்தி, அதில் ஒரு பிடி. சனிக்கிழமை கோயிலுக்குக் கொண்டுபோவாள். அங்கே இரண்டு பானை இருக்கும். எங்கள் தெரு அரிசி ஒரு பானையில், அவர்கள் தெரு அரிசி இன்னொரு பானையில். அவர்கள் அரிசி உபதேசியார் வீட்டுக்குப் போகும். எங்கள் அரிசியை விற்றுக் காசாக்கி உண்டியலில் போடுவார்கள். பாட்டிக்கு அது தெரியும். தெரிந்தே சாகும்வரை கொடுத்தாள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை.

ஒரே கோயில், ஒரே பாவ அறிக்கை, ஒரே அப்பம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே சுவர். என் தாத்தாவை அடக்கம் செய்தபோது எனக்குப் பதினொரு வயது. அந்தச் சுவர் ஏன் என்று அப்பாவிடம் கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வேதத்தில் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். பண்டிகைகளை வெறுக்கிறேன், பாட்டுகளின் இரைச்சலை அகற்று, நியாயம் தண்ணீரைப்போல் ஓடட்டும் என்று வருமே, அது.

இரவுப்பணி, நீங்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே எல்லாரும் வேளையைப் பற்றியும் வார்த்தையைப் பற்றியும் பேசுகிறீர்கள். ரோமர் 12ஆம் அதிகாரத்தில் பவுல் "புத்தியுள்ள ஆராதனை" என்று சொல்வது சரீரத்தை ஒப்புக்கொடுப்பதை. என் சரீரம் எந்தத் தெருவில் நடக்கிறது, யார் வீட்டில் சாப்பிடுகிறது, யார் பக்கத்தில் புதைகிறது என்பதெல்லாம் அதில் வராதா? எட்டு மணிக்குப் பாய் விரித்த அத்தனை வீடுகளில் எத்தனை வீடு என் பாட்டியை அந்தப் பாயில் உட்கார வைத்திருக்கும்?

நான் ஊர்க் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. தினமும் ஒரு தீர்க்கதரிசி அதிகாரம் வாசிக்கிறேன். அதுதான் என் ஆராதனை.

அஞ்சு வயசு அப்பா

இதை வாசித்துவிட்டு நேற்று ராத்திரி எங்கள் ஏழு நிமிஷத்தில் எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. மகள் ஏன் என்று கேட்டாள். அவள் கொஞ்சம் வளர்ந்ததும் சொல்கிறேன் என்றேன். கட்டாயம் சொல்வேன்.

பனங்காட்டு சார்

தம்பி, உன் பதிவை நேற்றே வாசித்தேன். பதில் எழுத ஒரு நாள் வேண்டியிருந்தது.

எங்கள் கோயிலிலும் இரண்டு பானை இருந்தது. நான் அதை எழுதவில்லை. அம்மாவின் பிடியரிசியைச் சந்தோஷமாக எழுதினேன், பானையை விட்டுவிட்டேன். மறந்துபோனேன் என்று சொன்னால் பொய். சனிக்கிழமை அரிசியை எடுத்துக்கொண்டு போனதே நான்தான், எந்தப் பானையில் கொட்ட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த ஞாபகம் இல்லை. தெரிந்திருந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் வாத்தியாராக அதே ஊருக்கு வந்தேன். சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியில் ஆறு வருஷம் இருந்தேன். பானை அதற்குள் போய்விட்டது, ஆனால் பெஞ்சு வரிசை போகவில்லை. அதைப் பற்றி ஒரு கூட்டத்திலும் நான் வாய் திறக்கவில்லை.

காலை ஜெபத்தில் ஒரு வரி உண்டு, செய்யத்தக்கவற்றைச் செய்யாமல் விட்டோம் என்று. அறுபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் சொல்கிறேன். இன்று காலை அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. முழங்கால்படியிட்டபடியே வெகுநேரம் இருந்தேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்பது லேசான காரியமாகிவிடக் கூடாது. எங்கள் ஊரில் அந்தப் பெஞ்சு இன்றும் இருக்கிறது. வருகிற ஞாயிறு நான் எங்கே உட்காருவேன் என்பதை மட்டும் தீர்மானித்திருக்கிறேன்.

கல்லறைச்சுவர்

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நன்றி என்று சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அந்த வரிக்கு மேல் போக முடியவில்லை என்று எழுதினீர்களே, அதை நம்புகிறேன்.

இரவுப்பணிக்கு: உங்கள் இழையைத் திசை திருப்பிவிட்டேனோ என்று யோசித்தேன். இல்லை என்றே நினைக்கிறேன். மனப்பாட ஜெபம் ஆராதனையா என்று கேட்டீர்கள். அறுபது வருஷம் வெறும் வாயால் சொன்னாலும், ஒரு நாள் அந்த வரியே ஆளைப் பிடித்து நிறுத்தும் என்று சார் இப்போது காட்டியிருக்கிறார். நான் எதிர்பார்க்காத பதில்.

முத்துக்கரை

வேலையே ஆராதனை என்பதைப் பற்றி இன்னொன்று. அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் லாரன்ஸ் சகோதரரைக் காட்டுவார்கள். 17ஆம் நூற்றாண்டில் பாரீஸ் கார்மேல் மடத்தில் சமையல்கட்டில் வேலை செய்தவர், பிற்காலத்தில் செருப்புத் தைத்தவர். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலும் பீடத்துக்கு முன் முழந்தாளில் இருப்பதுபோலவே தேவனோடு இருக்க முடிந்தது என்று சொன்னவர். அது உண்மை. ஆனால் அவர் மடத்தில் வாழ்ந்தவர், அங்கே குறித்த ஜெப வேளைகளை விட்டவரல்ல. சமையல்கட்டுக்குள் அது பரவப் பல வருஷம் பாடுபட்டேன் என்று அவரே சொல்கிறார். அடுப்பு இல்லாமல் அனல் மட்டும் வேண்டும் என்று கேட்கிறோம் நாம்.

இட்லிக்கடை அக்கா

அதான் நான் சொன்ன நாலு மணி. நானும் கத்தோலிக்கத் தம்பியும் ஒரே பக்கம் வந்துட்டோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

சிஸ்டர், உங்க பேரு தெரியாது. நோட்டுல "நைட் டியூட்டி சிஸ்டர்"னு எழுதியிருக்கேன். அந்தச் சுவரைப் பத்திச் சொன்ன தம்பியோட பாட்டியையும் எழுதியிருக்கேன். போனவங்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்க சபையில இல்ல. அதனால அந்தம்மா கொடுத்த அரிசிக்காக நன்றின்னு எழுதினேன்.

இரவுப்பணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஐசியூவில் ஆள் குறைவு. இடையில் ஊருக்கும் போய் வந்தேன்.

முதலில், இப்போது நான் செய்வது. எங்களுக்கு ஒவ்வொரு நோயாளியையும் தொடுமுன்னும் தொட்டபின்னும் கை சுத்தம் செய்ய வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவினால் நாற்பது முதல் அறுபது விநாடி. பரமண்டல ஜெபத்தை நிதானமாகச் சொன்னால் அதற்குள் முடியும். ஒரு ஷிப்டில் எத்தனையோ தடவை கழுவுகிறேன். எல்லாத் தடவையும் சொல்வதில்லை. புது நோயாளியிடம் முதன்முதலாகப் போகும்போதும், ஒருவர் இறந்தபின் கழுவும்போதும் தவறாமல் சொல்கிறேன். இறந்தவரின் பெயரையும் சேர்த்துக்கொள்கிறேன். இட்லிக்கடை அக்கா நோட்டில் எழுதுவதுபோல. நைட் டியூட்டியில் மூன்று மணிக்கு மேல் வார்டு அடங்கும். அப்போது சார்ட் எழுதும் மேசையில் உட்கார்ந்து 134ஆம் சங்கீதம். மூன்றே வசனம் என்பதால் யாராவது மணி அடித்தாலும் முடித்துவிட்டு எழுந்துவிடலாம். சில நாள் மனசு இருக்கிறது, சில நாள் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கல்லறைச்சுவர் அண்ணா, எங்கள் ஊரில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் கேட்டேன். எங்கள் பாயில் யார் உட்கார்ந்தார்கள், யார் திண்ணையோடு நின்றார்கள் என்று கேட்டேன். அம்மா சொன்னார்கள். நான் கேட்க விரும்பிய பதில் அல்ல. சிலர் வாசல்படியில் இருந்தே சேர்ந்து பாடுவார்களாம், உள்ளே வாருங்கள் என்று யாரும் சொன்னதில்லையாம். "அவங்க குரல்தான் நல்லா இருக்கும்" என்றார்கள் அம்மா. அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அந்த வீடுகளில் ஒன்றில் பாடின பெரியம்மா இன்னும் இருக்கிறார்கள். மறுநாள் நானும் அம்மாவும் போனோம். அவர்கள் வீட்டில் சாப்பிட்டோம். அந்த எட்டு மணிக்குப் பாய் அங்கேதான் விரித்தது. அன்றைக்குப் பாட்டு எடுத்தது பெரியம்மா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அப்பா போனபின் வீட்டு ஜெபம் நின்றுவிட்டது என்று தலைப்பில் எழுதியிருக்கிறேன். அது தப்பு. அப்பா கடைசியாக வாசித்தது 1 நாளாகமம் 6, பேர்ப் பட்டியல் அதிகாரங்களில் ஒன்று. வேதத்தில் அடையாளத்துக்கு வைக்கும் ரிப்பன் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். எசேக்கியேல் 39. எண்ணிப் பார்த்தேன், இடையில் 497 அதிகாரம். அப்பா இறந்த நாளிலிருந்து நாட்களையும் எண்ணினேன். அடக்க ஆராதனை நடந்த அன்றைக்கு மட்டும்தான் விட்டிருக்கிறார்கள். மற்ற எல்லா நாளும் எட்டு மணிக்கு அம்மா தனியாகப் பாய் விரித்து, எல்லா வசனத்தையும் தானே வாசித்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ வேலையில இருப்பியே" என்றார்கள்.

இப்போது டியூட்டி இல்லாத நாட்களில் எட்டு மணிக்குப் போன் போடுகிறேன். அம்மா ஒரு வசனம், நான் ஒரு வசனம். பெரியம்மாவும் வந்தால் மூன்று பேர். நாளைக்கு எனக்கு ஆஃப். எசேக்கியேல் 40, ஆலயத்தின் அளவுகள், 49 வசனம், முழத்துக்கு முழம். அம்மா இப்போதே சொல்லிவிட்டார்கள், ஒன்றையும் தாண்டக் கூடாது என்று.